மச்சினி வாங்கிய சென்சார்

ரேடியேட்டர் பெட்டிகளுக்குப் பின்னால் புலி மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருந்தார். உதிரிபாகக் கடையின் கவுன்டரில் நின்ற மச்சினியின் பின்னந்தலை மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

ரேஸ் கார் என்ஜினை டியூன் செய்வதில் அவர் புலி என்று பெயர். பெயரை வைத்தவரும் அவரேதான். மனைவியின் தங்கையும் அதே தொழிலுக்கு வந்ததையே பொறுக்க முடியாதவருக்கு, போன பந்தயத்தில் அவள் தயார் செய்த கார் தன் காரை முந்தியது சுத்தமாக ஜீரணமாகவில்லை. இந்தத் தடவையும் தோற்றால் காரை உங்கள் மச்சினியிடமே கொடுத்துவிடுகிறேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

ஜெயித்த மகாராணி வந்து இறங்கிய வாகனத்தைப் பார் என்று புலி உதட்டைப் பிதுக்கினார். அது மாமனாரின் ரொட்டி வேன். பேருக்கு அதிலும் ஒரு டர்போ, மிதித்தால் தெருவே இருண்டுபோகும் அளவுக்குக் கரும்புகை.

கொஞ்சம் பாருங்களேன் மாப்பிள்ளை என்று மாமனார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ரேஸ் என்ஜினைத் தொடுகிற கையால் ரொட்டி வண்டியைத் தொடச் சொல்கிறாரே உங்கப்பா என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் புலி. அவள் சிரிக்கவில்லை.

"பிரஷர் சென்சார் ஒண்ணு வேணும். மூணு பார்," என்றாள் மச்சினி.

ஐந்து பார் வரை அளப்பதும் இருக்கிறதே என்றார் கடைக்காரர்.

"மூணே தாராளம். அதுக்கு மேல எதுக்கு?" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

புலியின் மண்டைக்குள் பல்பு எரிந்தது. டர்போ எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கிறது என்று அளந்து சொல்வது அந்தச் சென்சார்தான். அது சொல்வதை நம்பித்தான் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். பார் என்பது அந்த அழுத்தத்தின் கணக்கு; அவர் காரில் இருந்தது ஐந்து பார் வரை அளப்பது. மூணு பாரில் அளவு சின்னது, கணக்கு நுணுக்கம். இவ்வளவு நாளாக இதைத்தான் மூடி மறைத்திருக்கிறாள், கள்ளி.

வேன் தெருமுனை திரும்பியதும் அவரும் அதையே வாங்கினார்.

ஷெட்டில், பந்தயத்தில் அவர் காரை ஓட்டுகிற நெட்டை தலையைச் சொறிந்தான். "அண்ணே, நம்ம டர்போ நாலு வரைக்கும் தள்ளுதே. மூணு வரைக்கும் அளக்கறது எப்படிண்ணே போதும்?"

"குண்டூசியை அளக்கத் தையல் டேப்பைத் தூக்கிட்டு வருவியா? நீ ஸ்டீயரிங்கை மட்டும் பிடி," என்றார் புலி. பழைய சென்சாரைக் கழற்றிப் பழைய இரும்பு டிரம்மில் வீசினார்.

சோதனை ஓட்டத்தில் லேப்டாப் திரையில் அழுத்தத்தைக் காட்டும் கோடு விறுவிறுவென்று மூணு வரைக்கும் ஏறியது. பிறகு ஆடாமல் அசையாமல் நேராக ஓடியது. பழைய சென்சார் காட்டிய நெளிசல் எதுவும் இதில் இல்லை.

கோடு நின்ற பிறகும் கார் இழுத்துக்கொண்டேதான் போனது என்று இறங்கி வந்த நெட்டை சொன்னான். அது புலியின் காதில் ஏறவில்லை. அவர் முதலாளியைக் கூட்டிவந்து திரையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ரூல் தடி வச்சுக் கிழிச்ச மாதிரி இருக்கு பாருங்க. இப்படி ஒரு கோட்டை அவ கனவுலயும் போட்டிருக்க மாட்டா."

பந்தயத்தன்று மச்சினியின் டயர்களை ஏற்றிக்கொண்டு மாமனாரின் வேன் மைதானத்துக்கு வந்தது. வழக்கமாக வேனுக்கு முன்னால் அதன் புகை நாற்றம் வந்து சேரும். அன்றைக்கு அது முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும் வரை புலிக்குத் தெரியவே இல்லை. நல்லா வரட்டும் மாமா என்று கையசைத்தவளைப் பார்த்து, இவளுக்கு இன்றோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

கதை இரண்டாவது சுற்றிலேயே முடிந்தது. நீண்ட நேர்ப்பாதையில் படாரென்று ஒரு சத்தம். புலியின் கார் வெள்ளைப் புகையைக் கக்கியபடி புல்தரையில் ஒதுங்கியது. மச்சினியின் கார் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

பிஸ்டன் உருகி ஓட்டையாகியிருந்தது. நெட்டை ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான். "மூணுக்கு மேல போன காத்து அந்தச் சென்சாருக்குத் தெரியவே இல்லண்ணே. காத்து நாலுக்கு ஏறுது, கம்ப்யூட்டர் மூணுக்குத்தான் பெட்ரோல் ஊத்துது. உருகாம என்ன செய்யும்?"

முதலாளி நேராக மச்சினியின் கூடாரத்தைப் பார்த்து நடந்தார். புலி முந்திக்கொண்டு ஓடி அவள் முன்னால் போய் நின்றார்.

"உனக்கு மட்டும் எப்படித் தாங்குச்சு? நீயும் மூணு பார் தானே போட்டிருக்கே?"

"எந்த மூணு பார் மாமா?"

"நடிக்காதே. நீ கடையில வாங்கினதை இந்தக் கண்ணால பாத்தேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அதுவா? நீங்க தொட மாட்டேன்னுட்டீங்கன்னு, அப்பா வேனுக்கு வாங்கினேன்."