நீல டிரம்

எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு தம்ளர் காப்பி போட்டான்.

இரண்டு தம்ளர் எடுத்துவைக்கிற பழக்கம் போன மாதம்தான் விட்டுப்போயிருந்தது.

பண்ணைக் கொட்டகையைத் திறந்தான். காற்றுக் குழாய்கள் ஓடுகின்றனவா என்று காது கொடுத்தான். ஓடின.

தொட்டி தொட்டியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றினான். ஆற்று மட்டிகளுக்கு அதுதான் தீனி. கண்ணுக்குத் தெரியாத பாசி. ஊற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஓட்டை இறுக்கி மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. வாய் பிளந்தபடியே கிடந்தால் இல்லை.

கொட்டகைக்குப் பின்னால், கோணிக்கு அடியில், ஒரு நீல டிரம். அதற்கும் இரண்டு குவளை ஊற்றினான். இருப்பதிலேயே திடமான மட்டிகளாகப் பார்த்து அவள் தனியே பிரித்து வைத்தது. எதற்கென்று அவன் கேட்டதில்லை.

இனிக் கேட்க ஆள் இல்லை.

அவனும் டிரைவரும் கூடைகளை வேனில் ஏற்றினார்கள். இன்று ஆற்றில் விடுகிற நாள். மூன்று வருஷம் அவள் வளர்த்தது.

சாலை பிரியும் இடத்தில் வேன் மேற்கே, அணைக்கட்டுப் பக்கம், திரும்பவில்லை.

அவன் டிரைவரைப் பார்த்தான்.

“இயக்குநர் சார்தான் காலைல போன் போட்டாவ,” என்றார் உச்சிமாகாளி. “டவுன் படித்துறைக்கே கொண்டாந்திரச் சொல்லிட்டாவ. பந்தலெல்லாம் போட்டாச்சுல்லா.”

அந்தப் படித்துறை வேண்டாம் என்று சொன்னவளே அவள்தான்.

இடுப்பளவு சாக்கடைச் சேற்றில் இறங்கிக் கையால் துழாவிப் பார்த்தாள். கூண்டுக்குள் கொஞ்சம் மட்டிகளைப் போட்டு இறக்கினாள். ஒரு வாரத்தில் எல்லாம் வாய் பிளந்து கிடந்தன. பிழைத்திருந்தாலும் பயனில்லை. மட்டிக் குஞ்சுகள் முதலில் உளுவை மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். படித்துறையில் உளுவை செத்து வெகு காலம். அணைக்கட்டுக்கு மேலே மணல் இருக்கிறது, உளுவை இருக்கிறது, அங்கேதான் விட வேண்டும் என்றாள்.

அந்தச் சேற்றிலிருந்து ஏறி வந்தவளுக்குத்தான் எலிக்காய்ச்சல் கண்டது.

பண்ணை இயக்குநர் தவமணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மேலதாம்மா விடுவோம். நான் சொல்லுதேன்லா. சத்தியம்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டான். கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தான்.

பந்தலின் முகப்பில் அவளுடைய படம், ஆளுயரத்துக்கு. கல்யாண வரவேற்பில் எடுத்தது. அவன்தான் கொடுத்திருந்தான். அவனை வெட்டியிருந்தார்கள். அவள் தோளில் அவனுடைய நான்கு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

தவமணி மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுத்தது.

“கடைசி மூச்சுல அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சிக்கிட்டுச் சொல்லிச்சு. சார், என் பிள்ளைகள இந்தப் படித்துறையிலதான் விடணும்னு.”

பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

மட்டியை மண்ணில் ஊன்ற வேண்டும். குனிந்து, கையால், ஒவ்வொன்றாக, பாதி உடம்பு புதையும்படி. இங்கே பித்தளைத் தாம்பாளம் வந்தது. விருந்தினர்கள் படியில் நின்றபடியே அள்ளி வீசினார்கள். கேமராவைப் பார்த்துக்கொண்டே வீசினார்கள்.

“என்ன சார் இது,” உச்சிமாகாளி அவன் காதருகே வந்தார். “கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுத மாதிரில்லா வீசுதாவ.”

தவமணி அவன் தோளில் கை வைத்தார்.

“தம்பி, ரெண்டு வார்த்தை பேசுதியளா?”

மைக்கை வாங்கினான்.

“நன்றி.”

அது தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து வேறு யாருடைய குரலிலோ கேட்டது.

கூட்டம் கலைந்தபோது அத்தை அவனிடம் வந்தாள். மகளைப் பறிகொடுத்தபின் இன்றுதான் வெளியே வந்திருக்கிறாள்.

“அவ ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டான்னு சொன்னீயளே, மாப்ளே. அந்த சார்ட்ட மட்டும் சொல்லிருக்காளா?”

அவன் படிகளைப் பார்த்தான். தண்ணீர் விளிம்பில் ஒரு மட்டி கவிழ்ந்து கிடந்தது.

ஒன்றும் சொல்லவில்லை என்று அவன் சொன்னது பொய். சொன்னாள். ஆனால் அதில் அம்மா இல்லை. அவனும் இல்லை. நான்கு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கென்று ஒரு சொல்கூட அதில் இல்லை. அதை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“வேன்ல ஏறுங்க, அத்தை.”

பண்ணைக்குத் திரும்பினார்கள். கொட்டகைக்குப் பின்னால் போய்க் கோணியை விலக்கினான். முழங்கை வரை உள்ளே விட்டுத் தொட்டான்.

மூடிக்கொண்டது.

அடுத்ததைத் தொட்டான். அதுவும் மூடிக்கொண்டது.

டிரம்மை இருவருமாகத் தூக்கி ஏற்றினார்கள். தண்ணீர் தளும்பி உச்சிமாகாளியின் சட்டையை நனைத்தது. அவர் அதைத் துடைக்காமல் வண்டியைக் கிளப்பினார்.

“எங்க, சார்?”

“அணைக்கட்டுக்கு மேல.”

அத்தை திரும்பி அவனைப் பார்த்தாள்.

“அவ என்னதான் சொன்னா, மாப்ளே?”

தவமணிக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அன்று அவன் வார்டுக்குத் திரும்பினான். அவள் விழித்திருந்தாள். கிட்டே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். காதை அவள் உதட்டருகே கொண்டுபோனான். காய்ச்சலில் உளறுகிறாள் என்றுதான் நினைத்தான்.

“நீல டிரம்ம மட்டும் சார் கண்ணுல காட்டிராதீங்க.”