பதினோராவது குடுக்கை

"பதினொண்ணு!"

சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்த மிர்த்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முற்றத்து ஆரஞ்சு மர நிழலில் சாய்ந்து உட்கார்ந்து, சுரைக்குடுக்கையில் குழலைப் போட்டு, இலைமேல் சுடுநீர் ஊற்றிக் குடிக்கும் மாத்தே பானத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தாள் யானினா. பக்கவாதம் வந்தவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கிவிடுவதற்காக மறுவாழ்வு மையம் அனுப்பியிருக்கும் பெண். செவ்வாயும் வியாழனும் வருவாள். வந்த நாளிலிருந்து இந்தக் கூத்துதான்.

குடுக்கை காலியானதும் மிர்த்தாவின் அப்பாவிடம் நீட்டினாள்.

"ஊத்துங்க ஐயா. தொண்டை வறண்டு கிடக்கு."

நாற்பது வருஷம் சால்தோ ஊர் முழுக்க பஸ் ஓட்டிய வால்தெமார், வலது கையைத் தூக்குவதற்குள் முகம் சிவந்து போனார். பிளாஸ்க்கைப் பிடித்த விரல்கள் கிடுகிடுவென்று ஆடின. எட்டித் தாங்கிப் பிடிக்கவாவது செய்வாளா அந்த மகராசி? கையைக் கட்டிக்கொண்டு கேலி வேறு.

"பஸ் ஓட்டுறப்பவும் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் இப்படித்தான் நிப்பீங்களா?"

"ஏறுறவ உன்னை மாதிரி வாயாடியா இருந்தா வண்டி எப்படி நகரும்?" என்றார் வால்தெமார். கோணிய வாயோடு சிரிப்பும் வந்தது.

மிர்த்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைநகர் மோந்தேவீதேயோவிலிருந்து அண்ணன் ரூபென் நேற்றுத்தான் போனில் கறாராகச் சொல்லியிருந்தான். "தனக்கு ஒரு குடுக்கை மாத்தே தானா போட்டுக்க முடியாதவரைத் தனியா விட்டுட்டு நீ எப்படி வேலைக்குப் போவே? ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தார்னா முதியோர் இல்லம்தான். சொல்லிட்டேன்."

அப்பா இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாளோ மூன்றுதான் இருக்கிறது. இவள் என்னடாவென்றால், வாய் சுடக்கூடாதென்று தண்ணீரை ஆறவைத்து, விருந்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்!

பொறுக்க முடியாமல் முற்றத்துக்குப் போனாள். அப்பாவின் கையிலிருந்து பிளாஸ்க்கை வாங்கினாள்.

"நீங்க சும்மா உக்காருங்கப்பா."

நொடியில், நுரை பொங்க ஊற்றி யானினாவிடம் நீட்டினாள். "இந்தாங்க. வேணுங்கறதைக் குடிச்சிட்டு வேலையைப் பாருங்க."

யானினா குடுக்கையை உதட்டருகில்கூடக் கொண்டுபோகவில்லை. "நன்றி" என்றாள்.

அந்த ஊரில் மாத்தே நீட்டும்போது நன்றி என்றால் 'போதும், இனி எனக்கு ஊற்றாதே' என்று அர்த்தம். அதோடு விட்டாளா? குடுக்கையிலிருந்த தண்ணீரை மரத்தடியில் வடித்துவிட்டு, பிளாஸ்க்கை வாங்கி மறுபடியும் அப்பாவின் வலது கையில் வைத்தாள்.

"நீங்க ஊத்துங்க ஐயா. உங்களுக்கு நான் இன்னும் நன்றி சொல்லலையே!"

மிர்த்தாவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. நோயாளி கையால் பதினொன்று இறங்குமாம். என் கையால் ஒன்றுகூட இறங்காதாம்! விறுவிறுவென்று உள்ளே போய் மையத்துக்குப் போன் போட்டாள். தலைவி ஒபேலியாவே எடுத்தாள்.

"வேற ஆளை அனுப்புங்கம்மா. உங்க யானினா வேலை பாக்க வரல, மாத்தே குடிக்க வர்றா."

"மாத்தேயா? யானினாவா?"

"அவளேதான். இன்னிக்கு மட்டும் பதினொண்ணு!"

"யாரு ஊத்தினது?"

"அப்பாதான். கை விழுந்த மனுஷன்னு ஒரு இரக்கம்கூட இல்லாம..."

"முதல் நாள் எத்தனை ஊத்தினாரு?"

"ஒண்ணே ஒண்ணு. அதுலயும் பாதி மேஜையில..."

சொல்லும்போதே மிர்த்தாவுக்கு நாக்கு குழறியது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். பிளாஸ்க் மெதுவாகச் சரிந்தது. தண்ணீர் நேராகக் குடுக்கைக்குள் இறங்கியது. மேஜையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஒபேலியா சொன்னாள்: "அமுக்கிப் பழகப் பந்து குடுத்தா தூக்கி எறிஞ்சவர் உங்கப்பா. 'நான் என்ன பச்சைக் குழந்தையா'ன்னு கத்தினாரு. ஆனா வீட்டுக்கு வந்தவங்க நன்றி சொல்ற வரைக்கும் எந்த வீட்டுக்காரரும் ஊத்துறதை நிறுத்த மாட்டாரே! அவ அந்த வார்த்தையைச் சொல்லிட்டா அன்னிக்குப் பயிற்சி முடிஞ்சுதும்மா."

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இந்த ஐந்து மாதத்தில் மிர்த்தா 'சும்மா உக்காருங்கப்பா' என்று எத்தனை முறை அந்த பிளாஸ்க்கைப் பிடுங்கியிருப்பாள்? பாசம் பாசம் என்று அந்தக் கையை இன்னும் முடக்கிப் போட்டது தான்தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"அண்ணன் வரட்டும்மா. அவனுக்கு அப்பாவே ஊத்திக் குடுக்கட்டும்" என்றாள். "நீங்க யானினாவையே அனுப்புங்க. அவங்களுக்குன்னே உசத்தி மாத்தே இலையா ஒரு கிலோ வாங்கி வெச்சுடறேன்."

"ஐயையோ, அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாதீங்க!" என்று பதறினாள் ஒபேலியா. "இங்க நாங்க நீட்டினா அவ குடுக்கையைக் கையாலகூடத் தொட மாட்டா. வயித்துப் புண்ணுக்காக டாக்டர் அவளுக்கு மாத்தேயை அடியோட நிறுத்தி ஒரு வருஷம் ஆகுது."