கட்டைவிரல்

இஞ்ஞாசி சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது விவிலிய வாசகம் வாசிக்கிறவர். வீட்டில் மைக் இல்லாத குறையைத் தொண்டையால் ஈடுகட்டுவார். நாளைக்கு நர்ஸ் வேலையில் சேரட்டுமா என்று மனைவி அமலி கேட்டதும், விவிலியத்தை விரித்து முழங்கினார்: "மனைவியரே, கணவருக்குப் பணிந்திருங்கள்! இது ஆண்டவரின் அருள்வாக்கு!"

பூசையில் இதற்குச் சபையே வழக்கமாய்ச் சொல்லும் "இறைவா, உமக்கு நன்றி" வரவில்லை. அமலி அவருடைய கட்டைவிரலையே பார்த்தாள்.

"ஒத்த வசனத்தைப் பிச்சு எடுக்கக் கூடாது, முன்னப்பின்ன சேத்துப் படிக்கணும்னு பங்குச் சாமியார் பிரசங்கத்துல சொன்னாருல்ல? அதுக்கு மேல என்ன போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"விரலை எடுங்க."

எடுத்தார். குரல் பூனை முனகுவதுபோல் வந்தது. "ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள்."

"இறைவா, உமக்கு நன்றி!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அமலி வெள்ளை யூனிஃபார்மை மேசையில் விரித்தாள். விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற இஞ்ஞாசி, கடைசியில் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அழுத்தினார்.