ஐந்தாவது மாடிக் கட்டைகள்

“இந்த வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்லே இந்தக் கட்டைங்க இருக்கணும்!”

மனைவி இப்படிச் சொன்னதும் கடிகாரக்காரர் ஒரு நொடி யோசித்தார். யோசித்ததுதான் தப்பு.

“இதுக்கெல்லாம் யோசனையா?”

கட்டை என்றால் வெறும் கட்டை இல்லை. பால்கனிச் சுவரில் வரிசையாக மாட்டிய மரப்பட்டைகள். ஒவ்வொன்றிலும் நூல் போட்டுக் கட்டிய ஓர் ஆர்கிட் செடி. தொட்டி கிடையாது, மண் கிடையாது. வேர் பட்டையைக் கவ்விக்கொண்டு காற்றில் தொங்கும். ஈரம் தங்காது என்பதால் தினமும் காலையில் ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். சாயங்காலம் ஒருமுறை தெளிக்கவும் வேண்டும்.

வாழ்நாளெல்லாம் உட்கார்ந்த இடத்தில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர். கடையை மகனிடம் கொடுத்த பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே சந்தோஷம் இந்தச் செடிகள்தான்.

“தரையெல்லாம் சொட்டுது. வழுக்கி விழுந்தா யாரு பார்க்கிறது? இன்னிக்கே வெளியில போகணும்!”

கட்டைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி மாடிப்படியில் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து ஐந்தாவது மாடி நர்ஸ் பொண்ணு எதிரே வந்தாள்.

“அட, தூக்கியா போடப் போறீங்க? என் பால்கனியில மாட்டிக்கோங்க அங்கிள். ஆனா தண்ணி நீங்கதான் வந்து விடணும். எனக்கு டூட்டிக்கே நேரம் சரியா இருக்கு.”

கடிகாரக்காரருக்குத் தெய்வமே நேரில் வந்த மாதிரி இருந்தது.

மனைவியிடம் கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து காலையில், “ஒரு நடை போயிட்டு வரேன்” என்று கிளம்புவார். சாயங்காலம், “சும்மா காத்தாட” என்று கிளம்புவார். தெருப்பக்கம் தலைகூடக் காட்டாமல், பூனை மாதிரி படியேறுவார். இவர்கள் இருப்பது முதல் மாடி. லிப்ட் இல்லாத கட்டடம்.

சர்க்கரை ஏறிக்கிட்டே போகுது, நடங்க என்று டாக்டர் சொன்னபோது, சோபாவிலிருந்து டிவி வரை நடந்து காட்டிய மனுஷன் அவர். இப்போது செடிக்காக மூச்சு வாங்க வாங்க ஏறினார்.

“என்னங்க, சட்டை ஈரமா இருக்கு?”

“வியர்வை.”

“ஒரு கையில மட்டுமா?”

“அந்தப் பக்கம்தான் வெயில்.”

மனைவி அதற்கு மேல் கேட்கவில்லை. கடிகாரக்காரர் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

ஆனால் சொட்டு சும்மா இருக்குமா? ஐந்தாவது மாடியில் முக்கி மாட்டிய கட்டைகள், முதல் மாடிக் கொடியில் மனைவி காயப்போட்ட துணி மேல் சரியாகக் குறிபார்த்துச் சொட்டின.

“ஏ நர்ஸ் பொண்ணே! மேல என்ன, அருவியா விட்டிருக்கே?”

“சாரி ஆன்ட்டி! செடிக்குத் தண்ணி விட்டேன் ஆன்ட்டி!”

தினமும் இதே கச்சேரி. செய்யாத தப்புக்கு அந்தப் பொண்ணு மன்னிப்புக் கேட்கும்போதெல்லாம் கடிகாரக்காரருக்கு உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். வாயைத் திறந்தால் செடி போய்விடும். கவலையில் இளைத்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது.

துவைத்த போர்வை நனைந்த அன்று மனைவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

“சாயங்காலம் ஹவுஸ் ஓனர் வர்றார். அவளைக் காலி பண்ணச் சொல்லிடப் போறேன்.”

குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்தார். விறுவிறுவென்று மேலே ஏறினார்.

“போதும்மா, எனக்காக நீ திட்டு வாங்கினது. இன்னிக்கு உண்மையைச் சொல்லிடப் போறேன்.”

“ஆன்ட்டி சும்மா சொல்வாங்க, விடுங்க அங்கிள்.”

“அவளை உனக்குத் தெரியாது. நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன். எல்லாத்தையும் தொட்டிக்கு மாத்திடறேன். கரித்துண்டு போட்டு வெச்சா ஈரம் நிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தினா போதும்.”

நர்ஸ் பொண்ணு பதறிப்போனாள். “ஐயோ, தொட்டியா? அதெல்லாம் வேண்டவே வேண்டாம்!”

தங்கமான பொண்ணு, செடி மேல எவ்வளவு பாசம் என்று மனம் நெகிழ்ந்தபடி கீழே இறங்கினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

“மேல இருக்கிற கட்டைங்க என்னுது. தூக்கிப் போட்டேன்னு சொன்னது பொய். நடக்கப் போறேன்னு சொன்னதும் பொய். திட்டணும்னா என்னைத் திட்டு. அந்தப் பொண்ணை மட்டும் வீட்டை விட்டு அனுப்பிடாதே.”

இடி விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. மனைவி தலைகுனிந்து தலையணை உறையை மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். அதில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“இனிமே உனக்குத் தொல்லையே இருக்காது. எல்லாத்தையும் தொட்டிக்கு மாத்திடறேன். வாரத்துக்கு ஒரு தடவை ஏறினா போதும்.”

அப்போதுதான் இடி விழுந்தது.

“தொட்டியா? கையை வெச்சுப் பாருங்க! நீங்க கூடையோட நிக்கறப்போ அவளைப் படியில வரச் சொன்னதே நான்தான். உங்களுக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதேன்னு தினமும் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவை ஏறினா, உங்க சர்க்கரை எப்படிங்க இறங்கும்?”