அத்தை கை மை

மைக்கிண்ணத்தோடு வந்த அன்னத்தாயின் இரண்டு கண்களும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் கிடந்த நாத்தனார் மாயக்காள் அதைப் பார்த்துவிட்டாள். பச்சைப்பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சுருளிப்பட்டி முழுக்க மெட்ராஸ் ஐ. வீட்டுக்கு ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிந்த நேரம்.

நன்றாகப் பார்க்கட்டும் என்று அன்னத்தாய் இன்னும் குனிந்தாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அன்னத்தாய் தேவாரத்தில் தன் தாய்வீட்டில் பிள்ளை பெற்றுக் கிடந்தாள். அன்று இதே மாயக்காள் இப்படித்தான் சிவந்த கண்ணோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பீளை துடைத்த விரலைக் கழுவக்கூட இல்லை, அப்படியே மையைத் தொட்டாள். வேண்டாம் என்று அன்னத்தாய் கெஞ்சியதற்கு எல்லோரும் சிரிக்கும்படி ஒரு கேள்வி கேட்டாள்.

பிறந்த பிள்ளைக்கு அத்தை கையால் மை வைப்பதுதான் முறை; அதை மறுத்தால் உறவை அறுத்ததாக அர்த்தம். அன்னத்தாய் பிள்ளையைக் கொடுத்துவிட்டாள்.

மகள் சொர்ணலதாவின் வலது கண்ணில் பூ விழுந்தது.

மாயக்காள் ஒருநாளும் அதற்கு வருந்தவில்லை. பிறவிக் கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பேச்சுதான் அன்னத்தாயின் வயிற்றில் இன்னும் எரிந்தது.

இன்று மாயக்காளின் பிள்ளைக்கு, அண்ணன் மனைவியாகிய அன்னத்தாய்தான் அத்தை.

"வேணாம் மதினி... கண்ணு செவந்திருக்கே."

"அத்தை மை வைக்காம வேற யாரு வைப்பாக?"

அன்றைக்கு மாயக்காள் கேட்ட அதே கேள்வி. மை வைப்பதைப் பார்க்கக் கூடியிருந்த பெண்கள் அன்று போலவே சிரித்தார்கள். மாயக்காளின் மாமியாரே பிள்ளையை வாங்கி நீட்டினாள்.

அன்னத்தாய் நிதானமாக மை தீட்டினாள். ஒரு கண்ணுக்கு, பிறகு மறு கண்ணுக்கு. மாயக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதைப் பார்க்கப் பார்க்க அன்னத்தாய்க்கு மனசு குளிர்ந்தது.

இனி விடியும்போதெல்லாம் பிள்ளையின் இமையை விரித்துப் பார்த்துப் பார்த்துச் சாகட்டும்.

அடுப்படிக்குத் திரும்பினாள். அம்மியோரம் பாதியாக நறுக்கிய வெங்காயம் கிடந்தது. அதைத் தேய்த்த கண்கள் இன்னும் எரிந்தன. தேய்த்த கையை மட்டும், பிள்ளையைத் தொடுவதற்கு முன், வாசனை போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அது அன்னத்தாய்க்கு மட்டும்தான் தெரியும்.

கூடையிலிருந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். நாளைக்கும் கண் சிவந்திருக்க வேண்டும்.