மூடி வைத்த சோறு

“களவாத் தின்னுறியோடி?”

வாசலிலேயே கத்தினாள் மதலேனா. எட்டு வயது மகள் ஜெசிந்தாவின் வாய் நிறையச் சோறு, விரலெல்லாம் மீன்குழம்பு.

மூன்று மாதமாகப் பின்னேரமானால் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து. டொக்டர் அமுக்கிப் பார்த்தார், இரத்தமும் சோதித்தார்.

“நோய் ஒண்டும் இல்லை அம்மா. ஆனா நோவு பொய்யில்லை. பாலையும் பருப்பையும் ஒரு மாதம் நிப்பாட்டுங்கோ. உறைப்பு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ. தின்னுறதெல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதுங்கோ.”

மதலேனா ஒரு வாய் விடாமல் எழுதினாள். பள்ளிக்கூடத்தால் வருகிறவளுக்குக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டுத்தான் தாழ்வுபாட்டுக் கரைக்குக் கருவாடு காயப்போடப் போவாள். குத்து மட்டும் நிற்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளையைப் பட்டினி போடுகிறாள் என்றது.

இன்று மழை இருட்டிவிட்டதால் வெள்ளனவே வீடு வந்தாள். வந்து பார்த்தால் இந்தக் கூத்து. அதுவும் அவருக்கு மூடி வைத்த சோறு!

புருஷன் அருட்பிரகாசம் கடலுக்குப் போய் எட்டு மாதம். நேவி பிடித்ததா, கடல் கொண்டதா, சொல்ல ஆளில்லை. இன்றைக்கு வந்தாலும் வருவார் என்று தினமும் பருப்பும் மீன்குழம்புமாய் ஒரு பீங்கானில் போட்டு மூடி வைப்பாள். பின்னேரம் அதை நாய்க்குக் கொட்டுவாள். பிள்ளைக்கு முகம் தெரியக்கூடாதென்று வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். அந்தச் சில நிமிடம்தான் அவளுக்கு உயிர் போகிற நேரம்.

இந்த மூன்று மாதமாய் அந்த வேலை இல்லை. வரும்போதே பீங்கான் வெறுமையாய் இருக்கும். “பூனை திண்டிட்டுது” என்பாள் ஜெசிந்தா. பூனை நல்லாயிருக்கட்டும் என்று மதலேனாவும் விட்டுவிட்டாள்.

இந்தப் பூனைதானா அந்தப் பூனை!

ஈர்க்கை உருவி இரண்டு போட்டாள்.

“கூடாதெண்டு டொக்டர் சொன்னவர்தானே? நாக்கு ருசி கேக்குதோ?”

“ருசிக்கு இல்லை அம்மா. கஞ்சியும் குடிச்சு இதையும் தின்ன என்னால ஏலாது.”

“ஏலாட்டி ஏன்டி திண்டனீ?”

ஜெசிந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு விக்கினாள்.

“மிஞ்சிக் கிடந்தா... நீங்கள் திரும்பவும் வேலிப்பக்கம் போய் நிண்டு அழுவீங்கள்.”