தெரு ஆடும் பாட்டில் ஒரு சங்கு

அட்டன் பஸ் ஸ்டாண்டில் மழை கொட்டியது. நோர்வூட் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்டதில் நல்லதண்ணி ஊருக்குப் போகும் பஸ் நகரவே இல்லை.

ஜன்னலோர சீட்டில் கிஷாந்த், போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான்.

மறுமுனையில், மலையடியில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில், தங்கை நிஷாந்தி. அவளுக்குப் பின்னால், கோயில் ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் அவன் பாட்டு.

கொழும்பில் எடுக்கும் படத்துக்கு அவன் போட்ட முதல் பாட்டு. பழைய ஹாலிவுட் ஆட்டப் படங்களைப் போட்டுக் காட்டி, "டவுனையே ஜாஸ் ஆக்கு, தெருவே எழும்பி ஆடணும்" என்று டைரக்டர் கேட்டிருந்தார்.

ஆக்கினான். கார் ஹார்ன், ரயிலின் தடதடப்பு. அதன்மேல் ட்ரம்பெட், சாக்ஸபோன், கூட்டமாய் வயலின்கள். இரைச்சல் உச்சிக்கு ஏறும் இடத்தில், தன் தோட்டத்து ஃபேக்டரிச் சங்கையே பதிவு செய்து வைத்தான்.

அந்தச் சங்கு இப்போதெல்லாம் வேலைக்கு ஊதுவதில்லை. மலை சரியப்போகிறது என்றால் மட்டும்தான். கேட்டதும் லயத்தை விட்டு ஸ்கூலுக்கு ஓட வேண்டும்.

போன வாரம் பாட்டைப் போட்டபோது அப்படித்தான் ஓடினார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாகலெட்சுமி அத்தை வழுக்கி விழுந்து, கை முறிந்தது.

அப்பா வீரய்யா போனில் பிடிபிடியென்று பிடித்தார். "ஒன் பாட்டுக்கு எங்க எலும்புதான் தாளமாடா?"

இன்று எல்லோரும் உஷார். அவன் புதிதாக அனுப்பிய அதே பாட்டைப் போட்டுவிட்டு, அவரவர் வீட்டுக்குள் இருந்தே கேட்டார்கள்.

ட்ரம்பெட் ஏறியது. ஹார்ன்கள் மோதிக்கொண்டன. வயலின்கள் சுழன்றன.

பிறகு, சங்கு. நீளமாக.

போனில் சிரிப்புச் சத்தம். யாரோ விசில் அடித்தார்கள்.

"ஒங்க சங்கு வந்திருச்சுண்ணே! இந்தவாட்டி ஒருத்தரும் ஏமாறல. அப்பா காலை நீட்டிக்கிட்டு தேத்தண்ணி குடிக்கிறாரு!"

கிஷாந்த் எழுந்து நின்று கத்தினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஓடுங்க! எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடு, நிஷாந்தி!"

"என்னண்ணே? பாட்டுச் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல."

அத்தையின் கை முறிந்த அன்றே பாட்டிலிருந்து சங்கை எடுத்துவிட்டிருந்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தான்.